அழைப்பு மணியில் அவன் பெயர்

எங்கள் ஹைமில் வங்கிக் கணக்கு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். ஹைம் என்பது அகதிகளுக்கு ஒதுக்கியிருந்த விடுதி. பிராங்பேர்ட்டுக்கு வெளியே, அறைக்கு நாலு கட்டில். மற்றவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எனக்கு முதலில் அனுமதி கிடைத்து ஒரு உணவகத்தில் கோப்பை கழுவப் போனேன். சம்பளம் போடக் கணக்குத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன். அன்றிலிருந்து ஹைமில் நான் பெரிய மனுசன்.

தபாலில் சாமான் விற்கும் கம்பனி ஒன்றின் தடித்த புத்தகம் அறை அறையாகச் சுற்றும். கணக்கு உள்ளவன் கையெழுத்து வைத்தால் எதையும் தவணைக்கு எடுக்கலாம். குளிர்ச்சட்டை, சப்பாத்து, ரேடியோ என்று ஆறு பேருக்கு என் பெயரில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஆட்களுக்குள் பெயர் கொடுப்பது குடை கொடுப்பது மாதிரி. மழை விட்டால் திருப்பித் தருவார்கள். ஐந்து பேர் அரசாங்கம் தரும் கைச்செலவுக் காசில் மிச்சம் பிடித்து ஒழுங்காகக் கட்டி முடித்தார்கள். ஆறாவது ஆள், ஊரில் என் பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்புக் கீழே படித்தவன்.

“அண்ணை, ஒரு ரீவியை உங்கட பேரில எழுதிவிடுங்கோ. மாசம் பிறக்க முந்திக் காசு தருவன்” என்றான்.

தொலைக்காட்சிக் காசை இரண்டு மாதம் தந்தான். பிறகு அவனும் ரீவியும் கொலோனுக்குப் போய்விட்டார்கள்.

கம்பனியிலிருந்து எனக்குக் கடிதம் வரத் தொடங்கியது. காசு கட்டச் சொல்கிறார்கள் என்பது வரைக்கும் விளங்கியது. ரீவி பார்க்கிறவன் அவன், அப்படியென்றால் கட்ட வேண்டியவனும் அவன்தானே? நான் வந்த ஒவ்வொரு கடிதத்தையும் நல்ல பிள்ளையாக வேறு உறையில் போட்டு, என் காசில் முத்திரை ஒட்டி, கொலோனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியாக நீதிமன்றத்திலிருந்து வந்ததையும் அனுப்பினேன். இப்படி ஒரு விசரன் உலகத்தில் இருந்திருப்பானா?

எண்பத்தாறில் மனைவி வந்து சேர்ந்தாள். கொஞ்ச நாளில் பிள்ளை உண்டானது. ஹைமில் எங்களுக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் ஒரே அறை, நடுவில் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தோம். குசினியில் அடுப்புக்கு வரிசை, கழிப்பறைக்கும் வரிசை. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஒரு நாள் மட்டும், “பிள்ளையை இந்த அறைக்குக் கொண்டுவர ஏலாது” என்றாள். பிள்ளை பிறக்க நாலு மாதம் இருந்தது.

பதினொரு வீடு பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் சம்பளச் சிட்டையோடு, கடன் பதிவேட்டில் என் பெயர் எப்படி இருக்கிறது என்ற பத்திரத்தையும் கேட்டார்கள். என் பெயர் எப்படி இருக்கும்? வாங்கிய கடன் கட்டாதவன் என்ற குறிப்போடு நாறிப்போய் இருந்தது. இரட்டை வேலை செய்து ரீவிக் காசை வட்டியோடு, வழக்குச் செலவோடு கட்டி முடித்தேன். ஒரு நாள்கூட நான் பார்க்காத ரீவி! கட்டினாலும் அந்தக் குறிப்பு மூன்று வருடம் நிற்கும் என்றார்கள். அதாவது ஒருத்தனை நம்பியதற்காக என்னை நம்ப முடியாதவன் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து அவன் பிராங்பேர்ட்டுக்குத் திரும்பி வந்தான். தொழிற்சாலையில் நல்ல வேலை. கையில் தோடம்பழப் பையோடு என் மனைவியைப் பார்க்க ஹைமுக்கு வந்தான். ரீவியைப் பற்றி மூச்சு விடவில்லை. வீடு கிடைக்காத கதையை அவள்தான் சொன்னாள்.

“அதுக்கென்ன அண்ணை, என்ர பேரில எடுங்கோ. என்ர பேரில ஒரு பிரச்சினையும் இல்லை” என்றான்.

எப்படி இருக்கும்? அவனுடைய பிரச்சினை முழுக்க என் பெயரில் அல்லவா இருந்தது! பையோடு அவனைப் படியில் உருட்டிவிட்டிருப்பேன். மனைவி வயிற்றில் கை வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் ஓம் என்றேன்.

இரண்டு சிறிய அறை, சாய்ந்த கூரை, எங்களுக்கென்று ஒரு குசினி. தரகரின் மேசையில் அவன் கையெழுத்து வைத்தான், முற்பணம் நான் கொடுத்தேன். அழைப்பு மணியில் அவன் பெயர், தபால் பெட்டியில் அவன் பெயர். நகராட்சியில் எங்களைப் பதியும் படிவத்தில் ‘வீடு தந்தவர்’ என்ற இடத்திலும் அவன் கையெழுத்துத்தான். மகள் அந்த வீட்டுக்குத்தான் வந்தாள். மாதம் முடிய இரண்டு நாள் முன்னதாகவே வாடகையை அவன் கையில் கொடுத்துவிடுவேன், அவன் தன் கணக்கிலிருந்து அனுப்புவான். அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் வாரம் மாறி மாடிப்படி கழுவ வேண்டும், என் மனைவி முறை தவறாமல் கழுவினாள்.

வீட்டுக்காரர் வேறு ஊரில் இருந்தார். அவர் அவனைத் தரகரின் அறையில் ஒரு தடவை கண்டதுதான். ஆறு மாதம் கழித்து வெப்பமூட்டியைப் பார்க்க வந்த வீட்டுக்காரர், கதவைத் திறந்த என்னை அவன் பெயர் சொல்லிக் கை குலுக்கினார். அவனுக்கும் எனக்கும் உயரத்தில் அரை அடி வித்தியாசம். அவருக்கு எல்லாம் ஒரே கறுப்பு முகம். வாய் திறந்தால் வீடு போய்விடும் என்று நானும் தலையாட்டினேன்.

எண்பத்தொன்பதில் என் குறிப்பு அழிந்தது. சுத்தமான பத்திரத்தையும் சம்பளச் சிட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டுக்காரரை வரச் சொன்னேன். அவரை மேசைக்கு முன்னால் இருத்தி, மனைவி தேத்தண்ணி கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடமாக வாடகை கொடுத்தது நான், இதுதான் என் பெயர், ஒப்பந்தத்தை இந்தப் பெயருக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. பத்திரத்தை வாசித்து, மடித்து, என் பக்கம் தள்ளினார்.

“உங்களைப் போகச் சொல்லவில்லை. ஆனால் ஒப்பந்தம் அப்படியே இருக்கட்டும். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட வாடகை பிந்தவில்லை. அவரை எனக்குத் தெரியும். உங்களை எனக்குத் தெரியாது” என்றார்.

என்ன சொல்கிறார் என்று மனைவி கேட்டாள். தமிழில் சொன்னேன்.

“குடிச்ச தேத்தண்ணியை வைச்சிட்டுப் போகச் சொல்லுங்கோ” என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. எழுந்து அவளுக்கு மரியாதையாகக் கை கொடுத்தார். படிகள் எப்போதும் துப்புரவாக இருக்கின்றன, நன்றி என்று சொல்லி, திருமதி என்று அவன் பெயரைச் சேர்த்து அவளை அழைத்தார்.

அந்த மாத வாடகையையும் அவன் கையில்தான் கொடுத்தேன்.