விரத வாயில் மீன் வாடை

மீன் வாடை எனக்குக் குமட்டும். அதனாலேயே அதைக் கண்டுபிடிப்பதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஜார்ஜ் டவுனில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டுக்கு மூன்று மாடி கீழே யாராவது நெத்திலி பொரித்தாலும் சொல்லிவிடுவேன். பத்து வயதில் அந்த மூக்கைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அது செய்துவைத்த வேலை தெரிந்த பிறகு அந்தக் கர்வம் போய்விட்டது.

அதற்கு முந்தைய வருடம் டெங்கிக் காய்ச்சலில் நான் சாகக் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக அப்பா வேண்டிக்கொண்டார். நானும் பிழைத்துவிட்டேன். அப்பா நாற்பத்தெட்டு நாள் விரதத்தைத் தொடங்கினார். அம்மா மீன் சட்டியைக் கழுவி மேல் அலமாரியில் ஏற்றிவிட்டு, புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவருக்கு தினமும் மரக்கறிச் சோறு கட்டிக்கொடுத்தார். சோறு பாதிக்குமேல் அப்படியே திரும்பி வந்தது.

மூன்றாவது வாரம் ஒரு சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுக்க அப்பா என் பக்கத்தில் குனிந்தார். குப்பென்று பழைய மீன் வாடை. நான் பென்சிலை வைத்துவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"கேண்டீன்ல மீன் சாப்பிட்டீங்களா? மறைக்காம சொல்லுங்க" என்று அம்மா கேட்டார்.

"தொடவே இல்லமா. வாயெல்லாம் இரும்பு கடிச்ச மாதிரி இருக்கு. சோறே இறங்க மாட்டுது, மீனா இறங்கப் போகுது?"

அம்மா கிட்டே போய் முகர்ந்து பார்த்தார். அவருக்கும் அதே வாடை அடித்தது. அப்பா எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வாய் கொப்பளித்தார். வாடை போய்விட்டது. மீன் கழுவிய கையை எங்கள் வீட்டில் எலுமிச்சை தேய்த்துத்தான் கழுவுவார்கள். ஆகவே அப்பா தடயத்தை அழிக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அரை மணி நேரத்தில் வாடை திரும்பி வந்தபோது, அதையும் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பியான அவரும் அந்த வருடம் பால்குடத்துக்காக விரதம் இருந்தார்.

"காவடி விளையாட்டு இல்லலா, மச்சான். விரதம் கெட்டு எடுத்தா, யாருக்காக எடுக்கறோமோ அவங்களுக்குத்தான் ஆகாது. நான் எடுத்துக்கறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். இன்னொரு முறை மறுப்பார் என்று காத்திருந்தேன்.

"சரி, நீயே எடு. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது" என்றார்.

தைப்பூசத்தன்று மாமா காவடி எடுத்தார். அப்பா தண்ணீர்ப் போத்தலோடு பின்னால் நடந்தார். செருப்பு வார் வீங்கிய காலில் புதைந்திருந்தது. தண்ணீர்மலைக் கோயில் படிக்கட்டு வந்ததும், "நீங்க போயிட்டு வாங்க" என்று கீழேயே உட்கார்ந்துவிட்டார். சாமி முகத்தில் விழிக்க வெட்கம் என்றார் அம்மா. நானும் அதைத்தான் நினைத்தேன்.

அடுத்த மாதம் அப்பா வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன என்று மருத்துவமனையில் சொன்னார்கள். வாடையைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. எங்களைப் பொறுத்தவரை அது முடிந்துபோன வழக்கு. ரத்தச் சுத்திகரிப்பில் நான்கு வருடம் இருந்தார், போய்விட்டார்.

பதினெட்டு வயதில் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறிய சீசாவின் மூடியைத் திறந்தேன். டிரைமெத்தில் அமீன் கரைசல். உள்ளே அப்பாவின் வாய் இருந்தது.

அமோனியாவில் ஒரு நைட்ரஜனும் மூன்று ஹைட்ரஜனும் இருக்கும். அந்த ஹைட்ரஜனில் ஒன்றோ இரண்டோ மூன்றுமோ போய், கரிமத் தொகுதி வந்து உட்கார்ந்தால் அது அமீன். உட்கார்ந்த கரிமம் ஆக்சிஜனையும் இரட்டைப் பிணைப்பில் பிடித்திருந்தால் அது அமைடு. பெயரில் பக்கத்து வீடு, குணத்தில் வேறு ஊர். அமீனின் நைட்ரஜனிடம் யாரோடும் பகிராத ஓர் இணை எலக்ட்ரான் இருக்கிறது. எலுமிச்சையின் அமிலம் தரும் ஹைட்ரஜனை அதைக் கொண்டு பிடித்துக்கொண்டு உப்பாகிவிடும். உப்பு ஆவியாகாது, அதனால் வாடையும் வராது. அமைடுக்கு அந்த இணையைத் தர மனம் வராது.

அப்பாவின் ரத்தத்தில் தேங்கிய யூரியா அமைடு வகை. அதற்கு வாசமே கிடையாது. சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட அமீன்கள்தான் மூச்சில் ஏறி வந்தன. வாயில் இருந்ததை எலுமிச்சை அடக்கியது. அடுத்தடுத்த மூச்சு ரத்தத்திலிருந்து புதிதாகக் கொண்டுவந்தது. அவர் எந்த மீனையும் தொடவில்லை. அந்த வாடையை முதலில் பிடித்தவள் நான். பிடித்ததை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியிருக்க, சமையலறைக்குக் கொண்டுபோனேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். இருவரும் அன்று சாப்பிடவில்லை.

விரதத்தின் மீதி நாட்களில் அப்பா என்னோடு பேசும்போதெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே பேசினார். தப்பு செய்தவருக்கு என்னைப் பார்க்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மீன் வாடை குமட்டும் என்பது அப்பாவுக்குத் தெரியும்.