பூமிநாதன் போட்ட ஒயின்

காரைக்கால் தலத்தெருவில் பூமிநாதன் வீடு எது என்று கேட்டால், "கோவக்காரர் வீடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் கையைக் காட்டுவார்கள். கேபிள்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், வாசலை மறைத்து வண்டியை நிறுத்துகிறவர் என்று ஒருவரும் அவர் வாயிலிருந்து தப்பியதில்லை. மூக்கு நுனியில் கோபம் என்பார்களே, அந்த ரகம். ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அவர் கோபப்பட்டதில் முக்கால்வாசி, ஊரே கோபப்பட்டிருக்க வேண்டிய விஷயங்கள். ஊர் நமக்கென்ன என்று போய்விட்டதால் அத்தனையும் சேர்ந்து அவர் ஒருவர் தலையில் விழுந்தது.

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தும் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படகு கரையைத் தாண்டினால் தலை சுற்றும். அண்ணன் தம்பிகள் கேலி பேசினார்கள். அவர் அவர்களோடு சண்டை போட்டுக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கப் போனார். ஐஸ் அரைக்கிற சத்தத்துக்கு மேல் கத்தியே காலம் ஓடியதில், அவர் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாலும் எதிராளி ஒரு அடி பின்னால் போவார்.

அவருடைய பெரிய கோபம் பிராந்தி மேல். காரைக்காலில் நல்ல தண்ணீர்க் குழாயைத் தேட வேண்டியிருக்கும், பிராந்திக் கடையைத் தேட வேண்டியதில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து, விலை மலிவென்று வண்டி வண்டியாக வந்து குடித்துவிட்டு, வயல் வரப்பிலும் மதகுக் கட்டையிலும் விழுந்து கிடப்பார்கள். எழுந்து போகும்போது பாட்டிலை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். அவருடைய மச்சான் முத்தையன், அதாவது மனைவி அஞ்சுகத்தின் அண்ணன், அந்தப் பிராந்தியிலேயே ஈரல் வெந்து போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து, "என் வாசப்படியில கடைச் சரக்கு ஏறுனா காலை ஒடிப்பேன்" என்பது பூமிநாதன் வீட்டுச் சட்டம்.

அப்படிப்பட்டவர் ஒயின் போட ஆரம்பித்ததுதான் வேடிக்கை. ஒரு கிறிஸ்துமஸுக்கு கம்பெனி ஃபோர்மேன் வீட்டில் போட்ட திராட்சை ஒயினைக் கொஞ்சம் கொடுத்தார். பூமிநாதன் பயந்து பயந்து நாக்கில் வைத்தார். பிராந்தியின் எரிச்சல் இல்லை, நாற்றம் இல்லை. பழம் பழமாகவே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து உடம்பு இதமாகச் சுட்டது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். கொல்லையில் ஒரு நாவல்மரம் உதிர்த்து உதிர்த்துத் தரையை ஊதாவாக்கிக்கொண்டிருந்தது. ஆனி பிறந்ததும் மரத்தடியில் பழைய வேட்டியைக் கட்டிப் பழம் பிடித்தார். ஒவ்வொரு பழமாகத் துடைத்து, பீங்கான் ஜாடியில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் போட்டு, துணியால் வாயைக் கட்டி, தினமும் மரக்கரண்டியால் கிளறினார். தெருவில் பொறுக்கிய பிராந்தி பாட்டில்களைக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்து அவற்றில் வடித்து வைத்தார். லேபிளைச் சுரண்டி எடுக்கத்தான் பொறுமை இல்லை. நகம் போதாமல் கத்தியை எடுத்து, கத்தியையும் வீசிவிட்டு, அப்படியே விட்டுவிடுவார்.

பதினோரு வருஷம் போட்டார், ஒரு பாட்டிலும் விற்றதில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. யாராவது ஒரு வாய் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். காரைக்காலில் அந்த ஒரு ஆள் கிடைக்கவில்லை. எவருக்குக் கொடுத்தாலும் ஒரே மடக்கில் ஊற்றிக்கொண்டு, "என்னண்ணே, கிக்கே இல்லியே?" என்றார்கள். படகு ஓட்டும் மாரிக்கண்ணு இன்னும் ஒரு படி மேலே போய், மடியிலிருந்து குவார்ட்டரை எடுத்து அதிலேயே கலந்துகொண்டான். பூமிநாதன் டம்ளரைப் பிடுங்கி, கொல்லையில் கொட்டி, மாரிக்கண்ணுவைச் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். பன்றிக்குத் தெரியுமா பவளமல்லி வாசம் என்று தெருவே கேட்கும்படி கத்தினார். அதிலிருந்து யாருக்கும் கொடுப்பதில்லை.

இந்த நிலையில்தான் மகள் பாரதியின் மாமனார் கலைவாணன், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து போனில் கேட்டார். "ஒயின் போடுறீங்களாமே சம்மந்தி? அடுத்த தடவ வரப்ப ஒரு பாட்டில் கொண்டாங்களேன், ருசி பாப்போம்." கேட்டாரே ஒருவர். பூமிநாதன் அன்று முழுக்க யாரையும் திட்டவில்லை. மகளைப் பார்க்கக் கிளம்பிய அன்று, இருப்பதிலேயே தெளிந்த பாட்டிலாக இரண்டை எடுத்துத் துண்டில் சுற்றி, முறுக்குப் பைக்கு அடியில் வைத்தார்.

"இது தேவயா? வழியில புடிச்சான்னா?" என்றாள் அஞ்சுகம்.

"புடிச்சா புடிக்கட்டும். நான் என்ன கடத்தலா பண்றேன்?"

பிடித்தார்கள். எல்லையில் சோதனைச் சாவடியில், இருவரும் வந்த மொபெட்டை ஓரங்கட்டச் சொல்லி, ஒரு ஏட்டு பைக்குள் கையை விட்டார். முறுக்கு வந்தது, ஊறுகாய் வந்தது, பிறகு பிராந்தி லேபிளோடு இரண்டு பாட்டில் வந்தது.

"வயசான காலத்துல ஏன்யா இந்தப் பொழப்பு? முறுக்குக்கு அடியில வெச்சா எங்களுக்குத் தெரியாதா?" என்றார் ஏட்டு.

அஞ்சுகம் முந்திக்கொண்டாள். "சம்மந்தி வீட்டுக்கு சார். கடையில வாங்குனது. தெரியாம கொண்டாந்துட்டோம்."

அவள் கணக்குச் சரிதான். கடைப் பாட்டில் ஒன்றிரண்டு என்றால் கீழே ஊற்றிவிட்டு, நாலு வார்த்தை திட்டி அனுப்பிவிடுவார்கள். வீட்டில் போட்டது என்றால் கேஸ். எங்கோ விஷச் சாராயம் குடித்து ஜனங்கள் கொத்தாகச் செத்த பிறகு, அந்தப் பேச்செடுத்தாலே போலீஸுக்கு வெறி பிடித்தது. அவள் நகம் பூமிநாதன் முதுகில் அழுத்தமாகப் பதிந்தது.

"நீ சொல்லுய்யா, கடைச் சரக்குதான?"

"ஆமா," என்றார் பூமிநாதன். அந்த ஒரு சொல்லைத் துப்புவதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. மச்சானைக் கொன்ற சாமான் பேரைத் தன் ஒயினுக்குத் தானே வைக்க வேண்டியிருக்கிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஏட்டு கீழே ஊற்றத்தான் மூடியைத் திருகினார். திருகியவர் மூக்கைச் சுருக்கினார். "பிராந்தி வாசனயே இல்லியே. உன்ன ஏமாத்திட்டானா?" என்று மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தார். வாய்க்குள் உருட்டினார். இன்னொரு மூடி ஊற்றிக்கொண்டார். கண்ணை மூடி மெல்ல விழுங்கினார்.

"யோவ், என்னய்யா சரக்கு இது? எவ்ளோ நல்லா இருக்கு. பழத்தக் கடிச்ச மாதிரில்ல இருக்கு. எந்தக் கடயில வாங்குன?"

பதினோரு வருஷமாக எந்த வாயிலிருந்து வரும் என்று பூமிநாதன் காத்திருந்தாரோ, அந்த வார்த்தை காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நடுரோட்டில் வந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கட சார்," என்றாள் அஞ்சுகம்.

பாராட்டு பிராந்திக் கடைக்குப் போனது. அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. போகட்டும் என்று ஒரு நிமிஷம் வாயைக் கட்டியிருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் வாயைக் கட்டத் தெரிந்திருந்தால் அவர் பூமிநாதன் இல்லையே.

"எந்தக் கடயிலயும் கெடைக்காது," என்று ஐஸ் கம்பெனிக் குரலில் கத்தினார். "நான் போட்டது. எங்க வீட்டு நாவப்பழம். என் கையால போட்டது."

ஏட்டின் கையிலிருந்து மூடி விழுந்தது. பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டுக் காறித் துப்பினார். தொண்டைக்குள் விரலை விட்டார். ரோட்டோரம் குனிந்து, காலையில் தின்ற இட்லி வரைக்கும் கொண்டுவந்தார். கூட இருந்த இளம் போலீஸ் தண்ணீரோடு ஓடிவந்தார். "அண்ணே, கண்ணு தெரியுதா அண்ணே?"

"மங்குற மாதிரி இருக்குடா. வெஷத்தக் குடுத்துட்டான்டா பாவி. ஜீப்ப வரச் சொல்லு."

பூமிநாதனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சற்றுமுன் கண்ணை மூடி ரசித்த அதே மனிதர் அதே ஒயினை மண்ணில் கக்குவதைப் பார்த்துக்கொண்டு, மொபெட் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி மரம் போல நின்றார்.

கோபம் அஞ்சுகத்துக்கு வந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் வீட்டுக்கு வெளியே ஒருவரிடமும் குரலை உயர்த்தாதவள், இறங்கி நேராக ஏட்டின் முன்னால் போய் நின்றாள்.

"வெஷமா? கடப் பேரச் சொன்னப்ப தேனா எறங்குச்சு. எங்க வூட்டுப் பேரச் சொன்னதும் வெஷமாப் போச்சா? எங்க அண்ணன் ஈரல் வெந்து செத்தாரே, அது லேபிள் ஒட்டுன சரக்குதான். அதுக்கு எவன் மேலய்யா கேஸ் போட்டீங்க? ஒவ்வொரு பழமா இந்த மனுஷன் தொடச்சு வெச்சத நான் பாத்துருக்கேன். புள்ளயக் குளுப்பாட்டுற மாதிரி பாட்டிலக் கழுவுவாரு. இதப் போயி வெஷங்கிறீங்க."

"ஏம்மா, தள்ளி நில்லும்மா," என்றார் இளம் போலீஸ்.

அவள் தள்ளி நிற்கவில்லை. தரையில் இருந்த பாட்டிலை எடுத்தாள். குடி என்ற சொல்லுக்கே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், புருஷன் போட்டதில் ஒரு சொட்டு நாக்கில் வைக்காதவள், அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். ரோட்டில் போன பஸ்ஸிலிருந்து ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள். பாதி பாட்டில் காலியானதும் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் கண்ணு போகுதான்னு பாருங்க. கேஸ் எழுதுனா எம் பேரயும் சேத்து எழுதுங்க."

ஏட்டு குனிந்த நிலையிலேயே அவளைப் பார்த்தார். ஜீப் வந்து நின்றது. ஏறச் சொன்னார்கள்.

பூமிநாதன் மனைவியின் பக்கத்தில் வந்தார். அவர் குரல் அவ்வளவு தணிந்து அவளே கேட்டதில்லை.

"அஞ்சுகம், எப்படி இருந்துச்சு?"

"கொஞ்சம் புளிப்பு. வாய மூடிக்கிட்டு ஜீப்புல ஏறுங்க," என்றாள்.