போகிறவர்களை நிறுத்தும் மேசை

இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிக் கூப்பிடுகிறவர்களைப் பேசியே நிறுத்தி வைப்பதுதான் டோரீன் பாவ்லக்கின் வேலை. அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ளூர்க் கேபிள் கம்பெனி ஒன்றில், கிட்டத்தட்ட இருபது வருஷமாக அதே மேசை. மூன்று முறை சலுகை சொல்ல வேண்டும். மூன்றையும் வேண்டாமென்று சொன்னால்தான் துண்டிக்கும் பொத்தானில் கை வைக்கலாம்.

ஆனால் கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நிஜமாகப் போகிறவர்கள் இல்லை. வருஷத்துக்கொரு முறை, சலுகைக் காலம் முடிந்து கட்டணம் ஏறியதும், "போறேன்" என்று மிரட்டுவார்கள். இவள் பதறுவதுபோல் பேசி, பழைய கட்டணத்தையே மறுபடி போட்டுத் தருவாள். ஊரில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம். இரண்டு பக்கமும் தெரிந்தே சொல்கிற பொய்யைப் பொய் என்பது சரியில்லை. ஒருவகை மரியாதை என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

வெர்னன் எக்கர்ட் அந்த மரியாதையில் தவறாதவர். உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, பக்கத்து ஊரான லாக்கவானாவில் தனியாக இருந்தார். கால்பந்து ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்னால், ஆகஸ்டில் கூப்பிட்டு, டோரீனிடம்தான் பேசுவேன் என்று அடம் பிடிப்பார்.

"என்னம்மா டோரீன், இன்னும் உன்னை அங்கிருந்து துரத்தலையா?"

"துரத்தினா உங்க சண்டையை யாரு கேக்கறது, மிஸ்டர் எக்கர்ட்?"

"நான் போறேன். இந்தத் தடவை முடிவு பண்ணிட்டேன்."

"ஐயையோ."

"கொஞ்சம் நல்லா ஐயையோ சொல்லு. போன வருஷம் இன்னும் நல்லா இருந்தது."

போக வேறு இடமில்லாதவரை, போகிறேன் என்பது வெறும் பேச்சு. பிறகு இடம் வந்தது. இணையம் வழியே படம் காட்டும் பெரிய கம்பெனிகள் வந்தன. கட்டைவிரல் அளவுக் குச்சி ஒன்றைத் தொலைக்காட்சியின் பின்னால் செருகினால் போதும். வேண்டும்போது பார்க்கலாம், வேண்டாதபோது ஒரு பொத்தானில் விட்டுவிடலாம். நிறுத்திப் பேச அங்கே ஆள் கிடையாது. கால்பந்தும் அங்கே போன பிறகு, டோரீனின் பிரிவில் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. போகிறவர்களில் குறைவான பேரை நிறுத்தி வைத்தவர் அடுத்த மாதம் வேலையில் இருக்கமாட்டார்.

அப்போது அவளுக்கும் அவள் கணவன் ரேக்கும் வயது அறுபத்து மூன்று. அறுபத்தைந்தில் அரசாங்க மருத்துவக் காப்பீடு வந்துவிடும். அதுவரை, இதயத்தில் அறுவைச் சிகிச்சை ஆன ரேயின் வைத்தியம் முழுக்க இந்த வேலையோடு வருகிற காப்பீட்டில்தான். ரே அதைப் பற்றிப் பேசமாட்டான். "உங்க கேபிள்ல விளம்பரத்துக்கு நடுவுல நிகழ்ச்சி வருது டோரி. நான் செத்தா அதனாலதான் சாவேன், இதயத்தால இல்ல" என்பான். அவள் சிரிக்காமல் அவன் மாத்திரைகளை எடுத்து வைப்பாள்.

அந்த ஆகஸ்டில் எக்கர்ட் கூப்பிட்டபோது, மேற்பார்வையாளர் கெண்ட்ரா இன்னொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். டோரீன் நிறுத்தி வைத்தவர்களின் எண்ணிக்கை அந்த மாதம் விளிம்பில் நின்றது.

"நான் போறேம்மா."

"ஐயையோ" என்றாள் டோரீன், முடிந்தவரை நன்றாக.

அவர் சிரிக்கவில்லை. முதல் சலுகையைச் சொன்னாள். வேண்டாம் என்றார். இரண்டாவதைச் சொன்னாள்.

"டோரீன், என் பொண்ணு வந்து அந்தக் குச்சியைச் செருகிட்டுப் போயிட்டா. ஆட்டமெல்லாம் அதுலயே வருது. உன் பெட்டியை எப்பவோ அலமாரில வச்சாச்சு. நிஜமாவே போறேன். இத்தனை வருஷம் பேசினவகிட்ட சொல்லாமப் போகக் கூடாதுன்னுதான் கூப்பிட்டேன்."

மிரட்டுகிறவனோடு எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியும். விடைபெற வந்தவனோடு பேச இத்தனை வருஷத்தில் அவள் பழகவில்லை. கெண்ட்ரா மூன்று விரலைக் காட்டினாள். டோரீன் மூன்றாவது சலுகையைச் சொன்னாள். குரல் எங்கேயோ பிசகிவிட்டது.

அவர் அதைக் கண்டுகொண்டார்.

"நான் போனா உனக்கு ஏதாவது பாதிப்பு வருமா?"

அந்தத் தொலைபேசியில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. இல்லை என்றால் ரேயின் வைத்தியம் போகலாம். ஆமாம் என்றால் விதியை மீறியதாகும், அதோடு ஒரு கிழவரிடம் கையேந்தியதாகவும் ஆகும்.

"இந்தப் பேச்சு பதிவாகுது, மிஸ்டர் எக்கர்ட்" என்றாள்.

அந்தப் பக்கம் மௌனம். அதை நிரப்பாமல் இருந்தாள்.

"சரி சரி. இருக்கேன், போ. நீ கடைசியாச் சொன்னதையே போட்டுக்கோ."

கெண்ட்ரா அவள் தோளைத் தட்டினாள். "அந்த மௌனம் இருக்கே, அடடா! இதை எல்லாருக்கும் போட்டுக் காட்டணும்." காட்டவும் செய்தாள். மறுவாரம் பயிற்சி அறையில் புதிதாக வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்து, டோரீன் பேசாமல் இருந்ததைக் கேட்டார்கள். எப்போது வாயை மூட வேண்டும் என்று கற்றுக்கொள்ளுங்கள் என்றாள் கெண்ட்ரா. டோரீன் காப்பி எடுத்து வருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

இருக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, வெறுமனே பதிவாகிறது என்றுதான் சொன்னேன் என்று தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்தாள். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. அடுத்த ஆகஸ்டில் எக்கர்ட் கூப்பிடவில்லை. சலுகை முடிந்து கட்டணம் முழுசாக ஏறியது. அலமாரியில் கிடக்கும் பெட்டிக்குப் பணம் மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது. அனுமதியில்லாமல் அவ்வப்போது அவர் கணக்கைத் திறந்து பார்த்து மூடுவாள். எனக்காகக் கட்டுகிறார் என்று நினைக்கும்போதெல்லாம் நன்றியும் வரும், எரிச்சலும் வரும். அவரைக் கூப்பிட்டு, இணைப்பை விட்டுவிடச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாற்காலிகள் குறைந்துகொண்டே வந்தன, ரேயின் மாத்திரைகள் கூடிக்கொண்டே போயின.

இருவருக்கும் அறுபத்தைந்து ஆனதும் அரசாங்கக் காப்பீட்டு அட்டைகள் வந்தன. அன்றே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். கடைசி நாள், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், எக்கர்டை அவளே கூப்பிட்டாள்.

"மிஸ்டர் எக்கர்ட், நான் டோரீன். கேபிள்லேருந்து."

"அட, டோரீனா! இன்னும் துரத்தலையா?"

"நானே போறேன், இன்னியோட. நீங்களும் இப்போ போகலாம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

"எங்கே போகலாம்?"

"கேபிளை விட்டு."

"அதை அப்பவே விட்டுட்டேனே?"

டோரீன் திரையைப் பார்த்தாள். "இல்லை. இருக்கேன்னு சொன்னீங்க. ரெண்டு வருஷமாக் கட்டிட்டு வர்றீங்க."

"நானா? கடவுளே. அதெல்லாம் பேங்கே பாத்துக்குது, நான் எங்கே பாக்கறேன்." மூச்சு வாங்கினார். "எதுக்கு இருக்கேன்னு சொன்னேன்?"

"நான் கேட்டேன்."

"நீ கேட்டியா? எனக்கு ஞாபகம் இல்லையேம்மா."

அவளுக்குக் கோபம் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. இரண்டு வருஷமாகத் தான் சுமந்த கடனை அந்தப் பக்கம் யாரும் அவள்மேல் ஏற்றி வைக்கவே இல்லை, அவ்வளவுதான். மறந்துபோனவர்களின் பணத்தில்தான் இந்தக் கட்டிடத்தில் இன்னும் விளக்கு எரிகிறது என்பது அவளுக்குத் தெரியாததா.

"திருப்பிக் கொடுப்பாங்களா?"

"கொடுக்கமாட்டாங்க. மன்னிச்சுக்குங்க."

"நாசமாப் போக" என்றார் அவர். அவளையா கம்பெனியையா என்று தெரியவில்லை. "சரி, வெட்டி விடு."

சலுகை எதுவும் சொல்லாமல் பொத்தானை அழுத்தினாள்.