எலப்புள்ளிப் புறாக்கள்

ஐம்பதுகளின் கடைசியில் நான் மதராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மாணவன். உடம்பு கொழுப்பு அமிலத்தை எப்படிக் கட்டுகிறது என்பது எங்கள் விஷயம். கட்டும் நொதி புறாவின் ஈரலில் தாராளமாகக் கிடைக்கும். பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்தில் முட்டையைக்கூடத் தொடாமல் வளர்ந்த நான் ஒரே வருஷத்தில் ஈரல் அரைக்கப் பழகிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தபோது பேராசிரியரின் கடிதம் வந்தது. மதராஸில் கிடைக்கும் புறாக்கள் இரையில்லாமல் வாடியவை. பட்டினி கிடந்த ஈரலில் அந்த நொதி சரியாக வேலை செய்யாது. உங்கள் ஊரில் நல்ல புறா கிடைத்தால் கொண்டு வா என்று எழுதியிருந்தார்.

பக்கத்துக் கிராமமான எலப்புள்ளியில் ஒரு விவசாயி வீட்டில் புறா வளர்த்தார்கள். அந்த வீட்டு அம்மாள் கேட்டாள்.

"எதுக்குங்க சாமி?"

"படிப்புக்கு."

"அறுக்கறதுக்குன்னா தரமாட்டனுங்க."

"இல்லை, வளர்க்கத்தான்."

பன்னிரண்டு புறாக்களைப் பிடித்துக் கூடையில் விட்டாள். "வேளாவேளைக்குச் சோளம் போடுங்க. தண்ணி வெக்க மறந்துராதீங்க" என்றாள்.

மதராஸில் ஒரு வாரம் அவள் சொன்னபடியே போட்டேன். ஈரல்கள் நன்றாக இருந்தன. அரைத்துத் தெளிய வைத்த சாற்றில் இரண்டு கார்பன் கொண்ட அசிட்டேட்டைச் சேர்த்தால், நொதி இரண்டிரண்டு கார்பனாகக் கோத்துக்கொண்டே போய், பதினாறு ஆனதும் அமிலத்தை விட்டுவிடும். அது ஒரே நொதியா, பல நொதிகள் ஒட்டிய கொத்தா என்பது அப்போது தெளிவாகவில்லை. பிரித்துப் பார்க்க முயன்றபோதெல்லாம் வேலை நின்றுபோயிற்று.

அடுத்த விடுமுறையில் அந்த அம்மாளைச் சந்தையில் பார்த்தேன்.

"புறாவெல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

பொய்யைத் தொடர முடியவில்லை. அறுத்துவிட்டோம் என்றேன். எதற்கென்று கேட்டாள். உடம்பில் கொழுப்பு எப்படி உண்டாகிறது என்று பார்க்க, என்றேன்.

"தின்ன சோளத்துல இருந்துதான் வருது. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனுங்களே."

சோளம் எந்த வழியாகக் கொழுப்பாகிறது என்பதுதான் கேள்வி என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எங்கள் ஊருக்குக் கிழக்கே, எல்லையோரக் கோபாலபுரத்துப் பக்கம் ஒருவரிடம் வாங்கினேன். அவர் எதற்கென்று கேட்டதில்லை.