எங்க சித்திக்கு எதுவுமே வலிக்காது

ஒரு காளை நேருக்கு நேர் ஓடி வந்தபோது அசையாமல் நின்றவள் என் சித்தி. நான் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தேன். கண்ணால் பார்த்தேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. ஓசூரில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என் வகுப்பில் ஒருத்தியின் அப்பா, சானமாவுக் காட்டுப் பக்கம் போகும்போது ரோட்டோரம் யானையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பார்த்தது அவர்தான், ஆனால் வருடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டது அவள். எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. என் அப்பா காலையில் கம்பெனிக்குப் போவார், சாயந்திரம் வருவார். வழியில் அவர் பார்த்ததெல்லாம் லாரிதான். எனக்கும் ஏதாவது நடக்க வேண்டும் என்று நான் தவித்துக்கொண்டிருந்த வருடம் அது.

அம்மாவின் தங்கையான சித்தி எங்கள் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வண்டிகளுக்கான ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் கம்பெனி. எட்டு மணி நேரமும் நின்றபடியே வேலை. சேர்ந்த மூன்றாவது வருடம் அவள் இடுப்பில் ஒரு நரம்பு அழுந்திக்கொண்டது. இடது இடுப்பில் தொடங்கித் தொடையின் பின்பக்கமாகச் சுண்டுவிரல் வரைக்கும் கரண்ட் அடித்தது போல் இழுக்குமாம். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், எங்கள் வீட்டிலேயே வேடிக்கையான ஆள் சித்திதான் என்பது மட்டுமே.

எல்லோரும் நாற்காலியில் உட்காருவார்கள். சித்தி தரையில் மல்லாந்து படுத்து, கால்களை மட்டும் நாற்காலியின் மேல் வைத்துக்கொள்வாள். நானும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அப்படியே படுப்பேன். எழும்போது அவள் நேராக எழ மாட்டாள். பக்கவாட்டில் உருண்டு, கையை ஊன்றி, யாரோ வைத்துவிட்டுப் போன மூட்டையை நகர்த்துவது போலத் தன்னைத்தானே நகர்த்தி எழுவாள். என்னுடைய டென்னிஸ் பந்தை இடுப்புக்கும் சுவருக்கும் நடுவே வைத்து அழுத்தி, மேலும் கீழுமாக உருட்டுவாள். கல்லுப்பை வாணலியில் வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்தால், தொடையில் ஒத்தடம் கொடுப்பது என் வேலை. அடுப்புக்கு முன்னால் ஒரு செங்கல் போட்டு வைத்திருந்தாள். சமைக்கும்போது அதில் ஒரு காலை ஏற்றி நிற்பாள், கொஞ்ச நேரம் கழித்து மறுகாலை மாற்றுவாள். எதையும் தொடர்ந்து இருபது நிமிஷத்துக்கு மேல் செய்யக் கூடாது என்பது அவள் சட்டம். நின்றால் நடப்பாள். நடந்தால் உட்காருவாள். உட்கார்ந்தால் எழுந்துவிடுவாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சிலை விளையாட்டு. நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று சித்தி நின்றுவிடுவாள். கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சை ஊதி ஊதிப் பத்து வரை எண்ணுவாள். கண் இமைகூட அசையாது. நானும் உடனே சிலையாகிவிடுவேன். மார்க்கெட்டில், பஸ் ஸ்டாண்டில், வீட்டு வாசலில் என்று எத்தனையோ இடங்களில் நாங்கள் இருவரும் சிலையாக நின்றிருக்கிறோம். வலி சுளீரென்று வரும்போது அவள் கண்டுபிடித்து வைத்திருந்த வழி அது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சித்தியும் சொல்லவில்லை. “இன்னிக்கு நீதான்டி ஜெயிச்ச,” என்று மட்டும் சொல்வாள்.

அந்தப் பொங்கலுக்கு அடுத்த வாரம், மத்தூர்ப் பக்கம் இருந்த பெரிய மாமாவின் ஊரில் எருது விடும் விழா. அம்மாவும் சித்தியும் நானும் கிளம்பினோம். அம்மாவின் அண்ணன்தான் பெரிய மாமா. சித்திக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் அவர். தாத்தா இல்லாத வீட்டில் எல்லாம் அவர் சொல்வதுதான். பஸ்ஸில் அம்மாவும் சித்தியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வந்தார்கள். டாக்டர், நின்று செய்கிற வேலை இனி வேண்டாம், ஆறு மாதமாவது இடுப்புப் பயிற்சிக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

“மத்தியானம் சாப்பிட்டதும் அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா, தங்கச்சிக்குச் செல்லம் குடுக்கறேம்பாரு,” என்றாள் அம்மா.

“அண்ணி நம்ப மாட்டாங்கக்கா. அடி பட்டிருக்கா, வீங்கியிருக்கா, ஒண்ணும் இல்லியேன்னுவாங்க.”

“நோவு வெளிய தெரியுமா? வாயைத் திறந்து சொன்னாத்தான் தெரியும்.”

எனக்கு அந்தப் பேச்சில் சுவாரசியம் இல்லை. ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகள் பூத்திருந்தன. நான் காளைகளை நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்குள் நுழையும்போதே மைக் சத்தம் காதைப் பிளந்தது. வீட்டில் இருபது பேருக்குச் சமையல். சித்தி போனதும் உதவிக்குப் புகுந்தாள். கொல்லையிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து வந்து அடுப்புக்கு முன்னால் போட்டுக் காலை ஏற்றி நின்றாள். மாமாவின் மனைவியான அத்தை விடியற்காலையிலிருந்து ஓயாமல் வேலை செய்துகொண்டிருந்தாள். அவள் செங்கல்லைப் பார்த்தாள்.

“இது இன்னா கூத்து? ஆளுங்க நடமாடற எடத்துல கல்லைப் போட்டுக்கினு? யாராவது தடுக்கி விழவா?” என்று காலால் ஒதுக்கித் தள்ளினாள். சித்தி கால் மாற்றாமலே நின்று குழம்பை முடித்தாள்.

பத்து மணிக்கு மாடு விட ஆரம்பித்தார்கள். நாங்கள் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் நின்றோம். அடேயப்பா! தெருவின் இரண்டு பக்கமும் சவுக்குக் கம்புத் தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மனிதத் தலைகள். வாடிவாசலில் அவிழ்த்துவிட்டதும் ஒவ்வொரு காளையும் மண்ணைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து வந்தது. கொம்புகளுக்கு நடுவே வண்ணத்தாள் ஒட்டிய தட்டியைக் கட்டியிருந்தார்கள். அதைப் பறிக்கப் பையன்கள் கூடவே ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்து மறுபடி ஓடினார்கள். நான் குதித்துக் குதித்துக் கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது.

அரை மணி நேரம் போயிருக்கும். சித்தி என் கையைப் பிடித்தாள். “வா, கொஞ்சம் நடந்துட்டு வரலாம். ஐஸ் வாங்கித் தரேன்.”

அத்தை திரும்பிப் பார்த்தாள். “வேலைன்னா இடுப்பு நோவுது. சுத்தறதுன்னா நோவறதில்ல,” என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். ஐஸ் என்ற சொல் காதில் விழுந்த பிறகு எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

ஐஸ் வண்டி தெருக்கோடியில் நின்றது. கூட்டத்துக்குள் இடிபட வேண்டாம் என்று சித்தி பின்பக்கச் சந்து வழியாகக் கூட்டிப் போனாள். ஒரு பக்கம் உயரமான மதில், மறுபக்கம் வைக்கோல் போர். பாதி தூரம் போயிருப்போம். சந்தின் அந்த முனையில் “ஏய்! ஏய்!” என்று கூச்சல். ஓடி முடித்த ஒரு காளை, பிடிப்பவர்களை ஏமாற்றிவிட்டு, திரும்பிச் சந்துக்குள் நுழைந்துவிட்டது.

வெள்ளைக் காளை. ஒரு கொம்பில் மட்டும் கிழிந்த சிவப்புத் தாள் தொங்கியது. குளம்புச் சத்தம் என் வயிற்றுக்குள் கேட்டது. சித்தி என்னை வெடுக்கென்று இழுத்துத் தன் பின்னால் தள்ளினாள். அந்த இழுப்பிலேயே அவள் உடம்பு விறைத்தது. ஒரு கை மதிலைப் பிடித்தது. மறுகை பின்னால் வளைந்து என் தோளை இறுக்கிப் பிடித்தது. வாயால் மூச்சு ஊதினாள். ‘உஸ்... ஒண்ணு.’

சிலை! எனக்கு விதி தெரியும். நானும் சிலையானேன்.

காளை வந்த வேகத்தில் வந்துகொண்டே இருந்தது. அலறுகிறவர்களையும் ஓடுகிறவர்களையும்தான் அது காலையிலிருந்து பார்த்திருந்தது. ஓடாத இரண்டு பேரைப் பார்த்ததும் அதற்கு என்ன தோன்றியதோ, வேகம் குறைந்தது. எங்களுக்கு ஒரே எட்டு முன்னால் வந்து நின்றேவிட்டது. சித்தியின் இடுப்போரமாக எட்டிப் பார்த்தேன். மூக்கில் நுரை. நெற்றியில் மஞ்சள். புஸ் புஸ்ஸென்று அது விட்ட மூச்சில் சித்தியின் புடவை முந்தானை ஆடியது. நான் பத்து எண்ணி முடித்துவிட்டேன். சித்தி அசையவில்லை. அதனால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.

காளையின் பின்னால் ஓடி வந்த ஆள் தெலுங்கில் கத்தினார். “அக்கா, கதலகண்டி! கதலகண்டி!” அசையாதீங்க என்று அர்த்தம். எங்கள் தெருவில் பாதிப் பேர் தெலுங்கு பேசுவதால் எனக்குப் புரிந்தது. ‘எங்க சித்திக்குச் சொல்ல வேண்டியதே இல்லை’ என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் இரண்டு பேர் வைக்கோல் போர் பக்கமாக வந்து கயிற்றை வீசினார்கள். பிடித்துவிட்டார்கள்.

“பிடிச்சிட்டோம்க்கா, வந்துடுங்க,” என்றார் அவர்களில் ஒருவர்.

சித்தி வரவில்லை. காளையைத் திருப்பிக் கொண்டு போய்விட்டார்கள். அப்போதும் நின்றாள். சந்தில் சேர்ந்துவிட்ட கூட்டம் அவளைப் பார்த்து வாயடைத்து நின்றது. மாடு போன பிறகும் அசையாத மன உறுதியை அவர்கள் எங்கே பார்த்திருக்கிறார்கள்! வெகுநேரம் கழித்துத்தான் மதிலைப் பிடித்த கையை எடுத்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்திருந்தது.

“தூசி,” என்றாள்.

அவ்வளவுதான், ஊர் எங்களைத் தூக்கிக்கொண்டது. மாமா ஓடி வந்து என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “எந்தங்கச்சிடா! எந்தங்கச்சி!” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். எங்களை மேடைக்கே கூட்டிப் போனார்கள். “சீறி வந்த காளையின் முன் சிலையாக நின்ற வீரத் தங்கைக்கு விழாக் குழுவின் சார்பில்” என்று மைக்கில் ஒருவர் முழங்க, சித்திக்கு ஒரு எவர்சில்வர் அண்டா கொடுத்தார்கள். பிறகு மைக்கை என் வாய்க்கு நேராகப் பிடித்து, “பாப்பா, நீ சொல்லு, உங்க சித்தி எப்படி?” என்றார் அவர்.

ஊரே என்னைப் பார்த்தது. ஆயிரம் முகம் இருக்கும். யானை பார்த்தவரின் மகளை ஒரு கணம் நினைத்துக்கொண்டேன். என் குரல் நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டது.

“எங்க சித்திக்குப் பயமே கிடையாது! எங்க சித்திக்கு எதுவுமே வலிக்காது!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அத்தைகூடக் கைதட்டினாள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் அம்மா சித்தியின் முழங்கையை இடித்தாள். சித்தி தூணில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றபடி, “அண்ணா, ஒரு விஷயம். எனக்குக் காலு...” என்று ஆரம்பித்தாள்.

மாமா பாயில் சாய்ந்திருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. “மாட்டுக்கே அசையாத காலு! அதுக்கு இன்னாடி வந்துது?” என்றார்.

வீடே சிரித்தது. நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். சித்தியும் சிரித்தாள். “ஒண்ணுமில்லண்ணா,” என்றாள்.

அந்த ஒண்ணுமில்லையை மாற்றிச் சொல்ல அவளுக்கு இரண்டு வருடம் ஆனது. அதற்குள் இடது பாதத்தின் ஓரம் மரத்துப்போய்விட்டது. பிறகு வேலையை விட்டாள், பயிற்சிக்குப் போனாள், தையல் கடை வைத்தாள். அந்தக் கடையில் தையல் மிஷினுக்கு அருகில் ஒரு பாய் எப்போதும் விரித்தபடி இருக்கும். வலி முழுதாகப் போகவில்லை. அதோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டாள். போன வருடம் கேட்டேன், அன்றைக்கு ஓட முடியாமல் நின்றாயா, ஓடக் கூடாது என்று நின்றாயா என்று. ஊசியில் நூல் கோத்தபடி யோசித்தாள். “ரெண்டும்தான்டி. நீ பின்னாடி இருந்த இல்ல,” என்றாள்.

ஆனால் விழா நடந்த அன்றைக்கு நான் இருந்த நிலையே வேறு. கிருஷ்ணகிரியில் ஓசூர் பஸ் பிடித்தோம். நிற்க இடமில்லாத கூட்டம். அம்மாவுக்கு ஒரு சீட் கிடைத்தது, நான் அவள் மடியில் உட்கார்ந்துகொண்டேன். சித்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்ததைப் பார்த்தோ என்னவோ, முன் சீட்டில் இருந்த ஒரு கன்னடக்கார அம்மாள் எழுந்து, “நீ கூத்துக்கோம்மா,” என்று உட்காரச் சொல்லி இடம் கொடுத்தாள்.

சித்தி ஒரு அடி எடுத்து வைத்தாள். அதற்குள் நான் கத்திவிட்டேன். “எங்க சித்தி உட்கார மாட்டாங்க! எங்க சித்தி மாட்டையே நிறுத்தினவங்க!”

பஸ்ஸில் எல்லோரும் திரும்பினார்கள். கண்டக்டர், “அப்படியா? எங்க, எப்போ?” என்றார். நான் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். சித்தி மறுபடி கம்பியைப் பிடித்தாள். அம்மா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அவ்வளவு அழுத்தமாக அவள் என்னைக் கிள்ளியதே இல்லை.

பஸ்ஸில் சத்தம் போட்டதற்காகத்தான் கிள்ளினாள் என்று நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு, பின் சீட்டுக்காரர்களுக்காகக் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.