நூற்றிருபது சென்டிமீட்டர்

என் வீட்டுக்காரர் ஞானசேகரன் லிப்ட் மெக்கானிக். சிங்கப்பூரில் புக்கிட் மேரா பக்கத்து அடுக்குமாடிகளில் நின்றுபோன லிப்டுகளை ஓட வைப்பதுதான் இருபத்திரண்டு வருடமாக அவர் வேலை. லிப்டின் தரையும் மாடியின் தரையும் ஐந்து மில்லிமீட்டர் முன்னே பின்னே நின்றால்கூட அவருக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்ட மனுஷர் பெற்ற மகளின் உயரத்தில் இரண்டரை சென்டிமீட்டரைக் கோட்டை விட்டார். அப்போது நானும் பக்கத்தில் அடுப்படியில்தான் இருந்தேன். அதனால் பழியில் பாதி என்னுடையது.

அவர் குள்ளம். என்னைவிட இரண்டு அங்குலம் குறைவு. செம்பவாங்கில் படித்தபோது எல்லா வகுப்புப் படங்களிலும் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் கல்யாணத்தன்று போட்டோ எடுக்க வந்தவர் ஒரு மரப்பலகையைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டார். "பொண்ணு தெரிஞ்சுதானே கட்டிக்கிது, படத்துல மட்டும் எதுக்கு மறைக்கணும்?" என்று சொல்லிவிட்டு இவர் பலகையிலிருந்து இறங்கிவிட்டார். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணம்தான். ஆனால் அவரை எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில். வேலையிலும் குள்ளம் அவருக்கு லாபம். லிப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் மற்றவர்கள் முதுகை வளைத்து முனகும்போது இவர் நிமிர்ந்து நின்று வேலை பார்ப்பார். யார் கேலி செய்தாலும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மகள் விஷயத்தில் மட்டும் அந்தச் சிரிப்பு வராது. இனியாவுக்கு எட்டு வயது. முகம் என்னுடையது, உயரம் அவருடையது.

போன வருடம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போனோம். ரோலர் கோஸ்டர் வரிசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். எங்கள் முறை வந்தபோது வாசலில் நின்ற பெண் இனியாவைத் தூரத்திலேயே பார்த்துக் கையை ஆட்டிவிட்டாள். நூற்றிருபது இருந்தால்தான் ஏறலாம். பின்னால் நின்ற பிள்ளைகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். இனியா அழவில்லை. "எனக்கு ஆசையே இல்லப்பா. வாங்க, ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்றாள். அவர் ஐஸ்கிரீமைத் தொடவில்லை. வீட்டுக்கு வரும் பஸ்ஸில் என்னிடம் மெதுவாக, "என்னாலதான ரஞ்சிதம்?" என்றார். பைத்தியம் மாதிரிப் பேசாதீர்கள் என்று அதட்டினேன். 

ஆகவே இந்த ஜூன் லீவுக்கு எந்தப் பூங்கா என்ற ஆராய்ச்சியை ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டார். லிப்டைச் சோதித்து எழுதும் தாளின் பின்பக்கத்தில் கட்டம் போட்டார். ஜோகூரில் இருப்பது, மலேசியாவில் மலைமேல் இருப்பது, ஹாங்காங்கில் இருப்பது என்று மூன்று. மற்றவர்கள் எந்தப் பூங்காவில் வாணவேடிக்கை நன்றாக இருக்கும், எங்கே கூட்டம் குறைவு என்று பார்ப்பார்கள். இவர் ரோலர் கோஸ்டர் வீடியோவை நிறுத்தி நிறுத்தி அதன் சக்கரத்தைப் பார்த்தார். வழியில் நின்றுபோனால் இறங்கப் படிக்கட்டு இருக்கிறதா என்று தேடினார். எல்லாவற்றுக்கும் முதல் கட்டம், குறைந்தபட்ச உயரம்.

"சாப்பாட்டுக்குன்னு ஒரு கட்டம் போடுங்க" என்றேன்.

"அதெல்லாம் எங்க போனாலும் கிடைக்கும்லா."

ஜோகூர் பக்கத்திலேயே இருக்கிறது, செலவும் குறைவு. உயரக் கட்டுப்பாடும் கம்மி. "அங்க எல்லாமே பேபி ரைடு" என்று இனியா ஒரே வரியில் தள்ளிவிட்டாள். ஹாங்காங்குக்கு விமானம் ஏற வேண்டும். மலைமேல் இருப்பதில் குளிரும் உண்டு, பெரிய ரோலர் கோஸ்டரும் உண்டு, படிக்கட்டும் இருந்தது. உயரம் நூற்றிருபது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அறைக் கதவோரம் இனியாவை நிறுத்தி, தலைமேல் மூலைமட்டத்தை வைத்து, பென்சிலால் கோடு போடுவார். ஏப்ரல் கடைசியில் கோடு நூற்று இருபத்தொன்றைத் தொட்டது. அடுப்படி வரை ஓடிவந்து சொன்னார். அன்றைக்கே ஹோட்டலும் டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. ரத்து செய்ய முடியாத டிக்கெட்.

இதற்கு நடுவில் முருகனுக்கு நான் ஒரு பாக்கி வைத்திருந்தேன். போன டிசம்பரில் இனியா டெங்கிக் காய்ச்சலில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் வைகாசி விசாகத்துக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அவளுக்கு என் அம்மா வீட்டுச் சுருட்டை முடி. சீப்பு உள்ளே போனால் வெளியே வராது. விசாகத்தன்று கோவிலில் அந்த முடி கூடை நிறைய இறங்கியது. அவளுக்கு ஒரே குஷி. தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள். கிளம்புவதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல் மூலைமட்டத்தை வைத்தார். கோடு போடவில்லை. மூன்று தடவை அளந்தார். நூற்றுப் பதினெட்டரை.

அவளை விளையாட அனுப்பிவிட்டு அடுப்படிக்கு வந்து, "முடி" என்றார். முகம் வெளுத்துவிட்டது.

நான் பாலிகிளினிக்கில் வேலை பார்க்கிறேன். தினமும் முப்பது பேரையாவது நிறுத்தி உயரம் எடுக்கிறேன். முடியை நன்றாக அமுக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். "ஏங்க, அமுக்கி அளக்க மாட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அமுக்கினா வலிக்குதுன்னு சொன்னா. அதான் சும்மா மேல வெச்சேன்."

கோபம் வாய் வரை வந்தது. இந்தப் பதிலைக் கேட்டு உள்ளே போய்விட்டது. போதாததற்கு மொட்டை என் வேண்டுதல். யாரை ஏசுவது?

அன்று சாயங்காலம் அவளுக்கு ஷூ வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனோம். பழைய ஜோடி கிழிந்திருந்தது. அங்கே தேக்கா சந்தையில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்துல் மஜீது அண்ணன் எங்களைப் பார்த்து எழுந்து வந்தார். இவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். இனியா தள்ளி நின்று வளையல் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதையைக் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? ஷூவுக்குள்ள அட்டை வெச்சு விடு. யாரு பாக்கப் போறா?" என்றார்.

"வேணாம் மஜீதண்ணே. ரைடுல மடிமேல வர்ற கம்பி பிள்ளையப் பிடிச்சு வெக்கத்தான் உயரம் கேக்குறான். அதுல போயி ஏமாத்தினா, லிப்ட் கதவுல சென்சார கழட்டி வெச்ச மாதிரி."

"அதோட எப்படியும் ஷூவ கழட்டச் சொல்லித்தானே அளப்பாங்க" என்று நானும் சேர்ந்துகொண்டேன். எங்கள் கிளினிக்கில் அப்படித்தான், பள்ளியில் அப்படித்தான். வீட்டுக்குள் யாரும் செருப்போடு நிற்பதே இல்லை. வெறுங்காலோடு நிற்கிறவருக்குத்தான் உயரம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லாத விஷயம். கொஞ்ச நாளைக்கு வரும் என்று ஒரு சைஸ் பெரிதாக, தடித்த அடியோடு ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு திரும்பினோம்.

இனியாவிடம் யார் சொல்வது என்பதில் மிச்சமிருந்த நாலு நாளும் ஓடிவிட்டது. மலையேறும் பஸ்ஸில் அவள் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கைகளை மேலே தூக்கிப் பழகிக்கொண்டு வந்தாள். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். 

வரிசை ஐம்பது நிமிடம். வாசலில் ஒரு அளவுகோல் கம்பம். பக்கத்தில் நின்ற பையனின் சட்டையில் கபிலன் என்று பெயர். எங்கள் முறை வருவதற்கு முன்பே அவர் குனிந்து இனியாவின் ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார்.

"என்ன செய்றீங்க அங்கிள்?" என்றான் கபிலன்.

"அளக்கணும்ல?"

"ஷூவ கழட்ட வேணாம். ஷூவோடதான் அளப்போம்."

அவர் அவிழ்த்த நாடாவைப் பிடித்துக்கொண்டே நிமிர்ந்தார். "நெசமாவா? அப்படித்தான் ரூல்ஸா?"

"ஷூ போட்டுத்தானே அங்கிள் ஏறுறாங்க?" அவன் பின்னால் இருந்த பலகையைக் காட்டினான். இவர் அதோடு விடுவாரா? நாலு மொழியில் எழுதியிருந்ததில் தமிழை ஒரு தடவையும் ஆங்கிலத்தை ஒரு தடவையும் முழுக்கப் படித்தார். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அப்புறம்தான் நாடாவை இறுக்கிக் கட்டினார்.

இனியா கம்பத்தில் முதுகை ஒட்டி நின்றாள். குறுக்குக் கம்பி மொட்டைத் தலையில் பட்டு நின்றது. கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை. மொட்டை பறித்ததை ஷூ திருப்பிக் கொடுத்துவிட்டது. அப்பாடா என்று எனக்கு வந்த மூச்சு கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது. முருகா என்றும் சொன்னேன். மொட்டையைப் பற்றி இத்தனை நாளாக அவனிடம் முணுமுணுத்ததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

"போலாம் பாப்பா. பக்கத்துல பெரியவங்க ஒருத்தர் உக்காரணும்" என்றான் கபிலன்.

இது எங்கள் கட்டத்தில் இல்லாத விஷயம். எத்தனை மாடி உயரத்தில் இருந்தாலும் லிப்டின் கூரைமேல் நிற்கிற மனுஷர், ரங்கராட்டினம்கூட ஏறியதில்லை. போய் உட்கார்ந்து கம்பியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். வண்டி கிளம்பும்போது கண்ணை மூடிக்கொண்டார். இனியா கையைத் தூக்கிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். "சக்கரமெல்லாம் நல்லாத்தான் வெச்சிருக்கான்" என்றார்.

இனியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, போன வருஷம் எனக்கு ஆசையே இல்லன்னு சொன்னேன்ல?"

"ஆமா."

"அது பொய்ப்பா. ரொம்ப ஆசையா இருந்துச்சு. உங்க மூஞ்சி அழற மாதிரி இருந்துச்சு, அதான்."

 அவர் அந்த மொட்டைத் தலையில் உள்ளங்கையை வைத்து ஒரு தடவை நன்றாக அமுக்கினார். அவள் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

"இன்னொரு தடவ போலாமா?" என்று அவர்தான் கேட்டார். வரிசை இப்போது ஒன்றேகால் மணி நேரம் என்று பலகை காட்டியது. நான் இரண்டு பேருடைய பைகளையும் வாங்கிக்கொண்டு நிழலாகப் பார்த்து உட்கார்ந்தேன்.