வித்யா நகர்த்தி வைத்த ரேடார்

வித்யாவுக்குச் சூரியகாந்தி விதையைக் கண்டாலே குமட்டும். ஈரோட்டில் இருந்தவரை அது கிளிக்குப் போடுகிற தீனி என்றுதான் நினைத்திருந்தாள். சிங்கப்பூர் வந்து, புக்கிட் மேரா பக்கம் ஒரு தனியார் பேஸ்பால் அகாடமியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பதினாறு பதினேழு வயதுப் பையன்கள் அதைக் கன்னத்தில் அடக்கிப் பல்லால் உடைத்து, எச்சிலோடு தோலைத் தரையில் துப்புவதைப் பார்த்தாள். அமெரிக்க ஆட்டக்காரர்கள் அப்படித்தான் துப்புவார்களாம். தெருவில் துப்பினால் அபராதம் போடுகிற ஊரில், மாதக் கட்டணம் கட்டித் துப்பக் கற்றுக்கொண்டார்கள்.

அவளுடைய வேலை அளப்பது. ஊரில் அம்மா எல்லாரிடமும் 'ஸ்போர்ட்ஸ் டாக்டர்' என்று சொல்லி வைத்திருந்தாள். டாக்டர் என்றால் யாரையாவது குணப்படுத்த வேண்டும். வித்யா கோவையில் பிசியோதெரபி படித்தவள்தான், ஆனால் இங்கே யாரும் அவளைக் குணப்படுத்தச் சொல்லவில்லை. பையன் வந்தால் உயரம், கைநீளம், உள்ளங்கை அகலம், தோள் எவ்வளவு தூரம் பின்னால் போகிறது, மட்டையை எவ்வளவு வேகமாக வீசுகிறான், பந்து எத்தனை மைல் வேகத்தில் பறக்கிறது என்று பார்த்துக் கணினியில் ஏற்றுவாள். பையனின் படத்துக்குப் பக்கத்தில் எண்கள் வரிசையாக வந்து நிற்கும். அதைக் கடல் கடந்த கல்லூரிகளுக்கு அனுப்புவார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒருமுறை முதலாளி ஸ்ரீநாத்திடம் கேட்டுவிட்டாள். மாட்டுக்கு வெப்சைட் கிடையாது என்று அவர் சிரித்தார். ஸ்ரீநாத் சென்னைக்காரர். பேஸ்பாலை ஒருநாளும் கையில் பிடித்து எறிந்ததில்லை. ஆனால் எந்த அப்பாவிடம் எந்த எண்ணைக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த அகாடமியில் விலை போகிற பையன் ஒருவன்தான். ரித்திக். பேஸ்பாலில் பந்து எறிகிறவன் வேறு, மட்டை பிடிக்கிறவன் வேறு. இரண்டிலும் தேறுகிறவன் நம் கிரிக்கெட்டின் ஆல்-ரவுண்டரைவிட அபூர்வம். டூ-வே என்பார்கள். ரித்திக் வலது கையால் எறிவான், இடது பக்கம் நின்று அடிப்பான். நல்ல பையன் வேறு. வாயில் விதையைப் போடாமல் 'அக்கா' என்று கூப்பிட்டு வந்து நிற்கிறவன் அவன் ஒருவன்தான்.

அவன் இன்னும் எவ்வளவு வளர்வான் என்று கணக்குப் போட, ஒருநாள் அவன் அம்மா சரசுவையும் வரவழைத்தார்கள். செருப்பைக் கழற்றிச் சுவரோடு சாய்ந்து நிற்கச் சொன்னார்கள். சரசு வெட்கத்தில் சிரித்துக்கொண்டே சேலையை இழுத்து, வெடித்த குதிகாலை மறைத்தாள். குதிகால் சுவரில் ஒட்டவில்லை என்று ஸ்ரீநாத் இரண்டு முறை சொன்னார். ஒட்டி நின்றதும் வித்யா அளந்தாள். மூன்று வருடத்துக்கு முன் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளையின் தங்கையைப் பக்கத்தில் நிறுத்திச் சும்மா பேசுகிற மாதிரி உயரம் பார்த்தார்கள். இப்போது அளக்கிற டேப் அவள் கையில் இருந்தது.

அகாடமியில் ஒரு பையன் ஒரு நாளைக்கு இத்தனை பந்துதான் எறியலாம் என்று வரம்பு இருந்தது. சுவரில் பெரிதாக ஒட்டியும் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த வரம்பு மைதானத்து நடுவில் இருக்கிற எறிமேட்டில் நின்று எறிகிற பந்துக்கு மட்டும்தான். மேட்டை விட்டு இறங்கியதும் ரித்திக் மட்டைக்காரன் ஆகிவிடுவான். மட்டைக்காரன் ஃபீல்டிங் பயிற்சியும் செய்ய வேண்டும் இல்லையா? மைதானத்தின் கோடியிலிருந்து முழு பலத்தோடு பந்தை எறிந்துகொண்டே இருப்பான். அதை யாரும் எண்ண மாட்டார்கள். இருப்பது ஒரே கை, ஸ்ரீநாத்தின் கணக்கில் இரண்டு ஆள்.

போன மாதமே வித்யா கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னால், ரித்திக்கின் இடது கை கோடு போட்டமாதிரி நீண்டது. வலது கை முழங்கையில் கொஞ்சம் மடங்கியே நின்றது. சுண்டுவிரல் மரத்துப்போகிறதா என்று கேட்டாள். "கொஞ்சம் லா. தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்றான். முழங்கையின் உள்பக்க எலும்பை விரலால் தொட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஸ்ரீநாத்திடம் சொன்னதற்கு, அமெரிக்காவிலிருந்து ஸ்கவுட் வந்து போகட்டும், அப்புறம் ஓய்வு கொடுக்கலாம் என்றார். ஸ்கவுட் என்பவர் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறவர். தைப்பேக்கு வந்தவர், ஒரே ஒரு சனிக்கிழமை சிங்கப்பூரில் இறங்குவதாக இருந்தார்.

பையனின் அப்பா மருதப்பனிடமாவது சொல்லலாம் என்று பார்த்தால், அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் எதிரே வந்தார். காய்கறிப் பையோடு நின்ற அவளை விடாமல் கடைக்குள் இழுத்துப்போய்த் தோசை வாங்கிக் கொடுத்தார். துறைமுகத்தில் மேற்பார்வையாளர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். வித்யா முழங்கையைப் பற்றிச் சொன்னதும் தலையாட்டினார். மலாய்க்காரர் ஒருவரிடம் கூட்டிப்போய் நீவிவிட்டாச்சு, எல்லாம் சரியாகிவிட்டது என்றார். ஸ்கேன் எடுக்கலாமே என்றதற்குக் குரலைத் தாழ்த்தினார். இன்னும் சில மாதத்தில் பையன் தேசிய சேவை என்கிற கட்டாய ராணுவப் பணிக்குப் போயாக வேண்டும். அதற்குள் ஒரு கல்லூரி அவனுக்கு இடம் என்று சொல்லிவிட்டால், சேவை முடிந்து போய்ச் சேர்ந்துகொள்வான். இப்போது யார் கண்ணிலும் படாவிட்டால் இரண்டு வருடம் கழித்து அவனை யாருக்கு ஞாபகம் இருக்கும்?

"எண்பத்தஞ்சு மைல் காட்டினா போதும்னு ஸ்ரீநாத் சொல்லிட்டார், தங்கச்சி. ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் அவன் கையை வீட்ல வெச்சுத் தாலாட்டுறேன்."

மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. தன் தோசையில் பாதியை அவள் தட்டில் வைத்தார். குவீன்ஸ்டவுனில் அவள் வாடகைக்கு இருக்கிற அறைக்கு ஏசி காற்று போதுமா என்று கேட்டார். வித்யா சாப்பிட்டுவிட்டு வந்தாள். அவளுடைய வேலை பாஸ் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பித்துத் தர வேண்டியவர் ஸ்ரீநாத். பாஸ் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஈரோட்டில் போய் இறங்க வேண்டும். இறங்கினால் அடுத்த வாரமே யாராவது பெண் பார்க்க வந்து அவளைச் சுவரோரமாக நிறுத்துவார்கள்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. ரித்திக் டாக்சியிலிருந்து இறங்கும்போதே தைலம் நாறியது. காலையில் அப்பா வலி மாத்திரையும் கொடுத்திருக்கிறார் என்று அவனே சொன்னான். வித்யா கையை நீட்டச் சொன்னாள். போன மாதத்தைவிட அதிகமாக மடங்கி நின்றது. அவளுடைய இரண்டு விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். குழந்தை பிடிக்கிற மாதிரி இருந்தது.

நேரே ஸ்ரீநாத்திடம் போனாள். ஸ்கவுட் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தவர் அந்தச் சிரிப்பை மாற்றாமலே பேசினார்.

"வித்யா, நீங்க அளக்க வந்தீங்க. வைத்தியம் பார்க்க வரலை. உங்க பாஸ் விஷயம் திங்கட்கிழமை பேசணும், ஞாபகம் இருக்கில்ல?"

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. பந்து வருகிற கோட்டுக்கு நேர் பின்னால் வைத்தால்தான் வேகம் அளக்கிற ரேடார் சரியான எண்ணைக் காட்டும். பக்கவாட்டில் நகர நகர எண் குறையும். இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி. வழக்கமாக ஸ்கவுட்டுகள் தங்கள் கருவியைத் தாங்களே கொண்டுவருவார்கள். இவருடையது தைப்பேயில் ஏற்றிய பெட்டியோடு எங்கோ தங்கிவிட்டது. இன்றைக்கு மைதானத்தில் இருக்கிற ஒரே ரேடார் வித்யாவுடையது. எண் குறைவாக வந்தால் என்ன ஆகும்? நாலைந்து பந்தில் ஸ்கவுட்டுக்கு அலுத்துப்போகும், எறிந்தது போதும், அடிப்பதைப் பார்க்கலாம் என்பார். கை தப்பிக்கும். அடிக்கிறவனாகவாவது பையன் அவர் கண்ணில் படுவான். யாரோடும் சண்டை போட வேண்டாம், பாஸும் போகாது.

வெயில் திரையில் அடிக்கிறது என்று சொல்லி, முக்காலியோடு ரேடாரைத் தூக்கி, பந்து பிடிக்கிறவனுக்குப் பின்னால் இருந்த வலைக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தாள். யாரும் கவனிக்கவில்லை.

முதல் பந்து கையுறைக்குள் அறைந்த சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரேடாரோடு இணைத்திருந்த பெரிய போர்டில் எண்பத்தொன்று என்று எரிந்தது. கோணத்தை மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். எண்பத்தாறு. பையன் அவர்கள் கேட்ட எண்ணுக்கு மேலேயே எறிந்துவிட்டான், முதல் பந்திலேயே.

அடுத்ததும் எண்பத்தொன்று. அதற்கடுத்தது எண்பது. ஸ்கவுட் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டார். வித்யா எதிர்பார்த்தபடி அலுத்துக்கொள்ளவில்லை. அவசரம் இல்லை, மெதுவாக எறி என்று உற்சாகமாகச் சொன்னார். ஸ்ரீநாத் ஐந்து விரலையும் விரித்து இன்னும் ஐந்து என்றார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மருதப்பனின் குரல் வந்தது.

"டேய், எண்பத்தொண்ணு காட்டவாடா இவ்ளோ வருஷம்? நேத்து வீட்டுக்குக் கீழ எறிஞ்ச மாதிரி எறி."

நேற்றும் எறிந்திருக்கிறான்.

ரித்திக் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் போர்டைப் பார்த்தான். ஆளாளுக்கு ஏதாவது சொல்வாங்க, நீ போர்டை மட்டும் பாரு என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். போர்டு குறைவாகக் காட்டியதால் அவன் காலை இன்னும் உயரத் தூக்கினான், தோளை இன்னும் பின்னால் இழுத்தான். எறிந்ததும் கையை உதறினான். மறுபடி எறிந்தான். எண் குறைந்தால் நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தவள் எப்பேர்ப்பட்ட முட்டாள். எண் குறைந்தால்தான் இவர்கள் விடமாட்டார்கள்.

ரேடாரைத் திரும்ப நேராக நகர்த்தினால் எண் சட்டென்று எகிறும். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். திங்கட்கிழமை வரும். இந்த யோசனை ஓடி முடிவதற்குள் அவன் இன்னும் மூன்று பந்து எறிந்துவிட்டான். கடைசியில் அவள் முக்காலியைப் பிடித்துத் தூக்கிய நேரத்தில் ரித்திக்கின் பந்து பாதி வழியிலேயே மண்ணில் குத்தி எங்கோ உருண்டது. அவன் வலது முழங்கையை இடது கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு மேட்டிலேயே குந்தினான். கத்தவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது.

மருதப்பன் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். மகனிடம் போவதற்கு முன் அவள் பக்கம் திரும்பினார்.

"கடைசியில எவ்வளவு காட்டுச்சு?"

வித்யா முக்காலியைக் கீழே போட்டாள்.

"போர்டு காட்டினது எல்லாமே தப்பு. நான்தான் மிஷினை ஓரமா வெச்சேன். அவன் முதல் பந்துலயே எண்பத்தஞ்சுக்கு மேல எறிஞ்சுட்டான்."

"ஏம்மா?"

"கை போயிடக் கூடாதுன்னு."

சொன்னது நிஜம்தான். காதில் விழுந்தபோது அவளுக்கே அசிங்கமாக இருந்தது. மருதப்பன் கத்துவார் என்று நின்றாள். அவர் கத்தவில்லை. செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மகனிடம் போனார். ஸ்ரீநாத் ஸ்கவுட்டின் காதருகே குனிந்து எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். ஸ்கவுட் நல்ல மனிதர் போல முகத்தை வைத்துக்கொண்டு, பாவம், நல்ல பையன் என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, அடுத்து யார் என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவன் வாயிலிருந்த விதைத்தோலைத் துப்பிவிட்டு எழுந்தான்.

டாக்சியில் அவளை ஏறு என்று யாரும் சொல்லவில்லை. அவள் முன்சீட்டில் ஏறியபோது இறங்கு என்றும் சொல்லவில்லை. மருத்துவமனையில் ஓர் இளம் டாக்டர் முழங்கையை மெதுவாக அசைத்துப் பார்த்தார். உள்ளே நார் கிழிந்த மாதிரி இருக்கிறது, ஸ்கேன் எடுத்தால்தான் உறுதியாகத் தெரியும், அறுவை சிகிச்சை தேவைப்படலாம், எப்படிப் பார்த்தாலும் ஒரு வருடத்துக்கு எறிவதை மறந்துவிட வேண்டும் என்றார். கட்டுப்போட்டுக் கையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். மருதப்பன் சரசுவுக்கு போன் செய்ய வெளியே போனார்.

ரித்திக் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்திருந்தான். அழுகிறான் என்று நினைத்து வித்யா அவன் பக்கம் பார்க்காமல் இருந்தாள். ஸ்ரீநாத்திடமிருந்து செய்தி வந்திருந்தது. திங்கட்கிழமை அலுவலகம் வரத் தேவையில்லையாம், பேச வேண்டியதை இமெயிலில் பேசிக்கொள்ளலாமாம். வயிற்றில் வழக்கமாக வருகிற பயம் வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

"அக்கா, முதல் பந்து உண்மையிலேயே எவ்வளவு?"

அவள் போனைப் பைக்குள் வைத்தாள். அவன் விடவில்லை. உங்களுக்குத் தெரியும், நீங்க கணக்குப் போட்டிருப்பீங்க என்றான்.

"எண்பத்தாறு."

"கன்ஃபர்மா?"

"ம்."

அவன் முகம் மலர்ந்தது. கழுத்தில் தொங்கிய கையையும் மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தான். மருதப்பன் ஒரு டின் பானத்தோடு திரும்பி வந்தார். அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னால் நம்பமாட்டார் என்று பையன் கெஞ்சினான். வித்யா சொன்னாள். மருதப்பன் அவளைப் பார்க்காமலே கேட்டுக்கொண்டார். டின்னைத் திறந்து மகனுக்கும் தனக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் வைத்தார். தனக்குள் பேசுகிற மாதிரி சொன்னார்.

"எண்பத்தாறு."

"முதல் பந்துலயே, ப்பா."

இரண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்து ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். வித்யாவுக்கு வாயில் எச்சில் ஊறியது. எழுந்து கழிவறைக்கு ஓடிக் குனிந்து நின்றாள். காலையில் எதுவும் சாப்பிடாததால் மஞ்சள் தண்ணீர்தான் வந்தது.

முகம் கழுவிவிட்டுத் திரும்பியபோது ஸ்கேனுக்குப் பெயரைக் கூப்பிட்டார்கள். ரித்திக் எழுந்து, பழக்கதோஷத்தில் கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது கை விரல்களால் டின்னை எடுக்கப் பார்த்தான். விரல்கள் மூடவில்லை. அவன் சிரிப்பு அப்படியே நின்றது. மருதப்பன் டின்னை எடுத்து அவன் இடது கையில் வைத்து, தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். வித்யா அவர்கள் பின்னால் போகவில்லை.